மாகுலின் காற்றும் மாநகராட்சியின் கோப்புகளும்

மும்பை பரேலில் உள்ள கேஈஎம் மருத்துவமனை மாநகராட்சிக்குச் சொந்தமானது. அதன் நெஞ்சக மருத்துவத் துறையினர் 2013இல் செம்பூரை அடுத்த மாகுல், அம்பாபாடா கிராமங்களில் ஓர் ஆய்வு நடத்தினார்கள். மாதத்துக்கு மூன்று முறைக்கு மேல் மூச்சுத் திணறுகிறது என்றவர்கள் 67.1 விழுக்காடு. மூச்சு முட்டுகிறது என்றவர்கள் 84.5 விழுக்காடு. கண் எரிகிறது என்றவர்கள் 86.6 விழுக்காடு. 2015 டிசம்பர் 18 அன்று தேசிய பசுமைத் தீர்ப்பாயம், இப்பகுதியின் காற்று மக்களின் உடல்நலத்துக்குக் கண்கூடான அச்சுறுத்தல் என்று தீர்ப்பில் எழுதியது. இவ்வளவும் பதிவாகிவிட்ட பின்னர், 2017இல், அதே மாநகராட்சி தான்சா குடிநீர்க் குழாயின் ஓரத்திலிருந்த குடிசைகளை இடித்து, அங்கு வாழ்ந்த ஆயிரக்கணக்கான குடும்பங்களை அதே மாகுலுக்கு அனுப்பியது.

இந்தக் கால வரிசைதான் இக்கட்டுரையின் கரு. சூழல் மாசு பற்றிப் பேசும்போது, அரசுக்குத் தெரியவில்லை, மக்கள்தான் எடுத்துச் சொல்லிப் புரிய வைத்தார்கள் என்று கதை சொல்வது வழக்கம். மாகுலில் அப்படி நடக்கவில்லை. மாநகராட்சியின் ஒரு கட்டடத்தில் நோயின் கணக்கு இருந்தது. இன்னொரு கட்டடத்தில் வீட்டு ஒதுக்கீட்டுப் பட்டியல் இருந்தது. இரண்டையும் ஒரே மேசையில் வைத்துப் பார்க்கும்படி மாநகராட்சியை நெருக்கியதுதான் அங்கே மக்கள் செய்த வேலை.

மும்பைத் தமிழர்களுக்கு இந்த நிலப்பகுதி அந்நியமானதல்ல. ஹார்பர் லைனில் ஜிடிபி நகர், சுனாபட்டி, குர்லா, திலக் நகர், செம்பூர், கோவண்டி, மான்குர்த் என்று நிலையங்கள் வரிசையாக வரும். இந்த வரிசையின் மேற்கே தாராவியும் மாட்டுங்காவும். கிழக்கே, கடற்கழிமுகத்தை ஒட்டி, எண்ணெய் ஆலைகளும் உர ஆலையும் அனல்மின் நிலையமும் மாநகரின் மிகப் பழைய குப்பைமேடும். தெற்கு மும்பைக்கு வேண்டாதவற்றை எல்லாம் நூறாண்டுகளாகக் கிழக்கே தள்ளியதன் விளைவு இது. 1950களின் நடுவில் ஸ்டான்டர்டு வாக்குவமும் (பின்னாளில் எஸ்ஸோ) பர்மா ஷெல்லும் டிராம்பேயில் சுத்திகரிப்பு ஆலைகளைக் கட்டின. இன்று அவை இந்துஸ்தான் பெட்ரோலியமாகவும் பாரத் பெட்ரோலியமாகவும் இருக்கின்றன. 1956இல் டாடாவின் மின் நிலையம் வந்தது. 1960களில் உர ஆலை. செம்பூருக்கு ‘கேஸ் சேம்பர்’ என்ற பெயர் அந்தத் தலைமுறையிலேயே ஒட்டிக்கொண்டது. மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் 2009இல் நாட்டின் தொழிற்பகுதிகளுக்கு மாசுக் குறியீட்டெண் கொடுத்தபோது செம்பூருக்கு 69.19 வந்தது. 70ஐத் தாண்டினால் ‘அபாய நிலை’. ஒரு புள்ளிக்கும் குறைவான வித்தியாசத்தில் செம்பூர் அதற்கடுத்த ‘கடும் மாசு’ வகையில் நின்றது. வகைக்கு ஏற்பத்தான் கண்காணிப்பின் கடுமையும் இருக்கும் என்பதால் அந்தப் பின்னத்துக்கு விலை உண்டு.

மாகுல் ஆதியில் கோலி மீனவர்களின் ஊர். ஆலைகள் வருமுன்பே அவர்கள் அங்கே இருந்தார்கள். வழக்குக்கு முதலில் போனதும் அவர்களே. ஊரை ஒட்டி வேதிப்பொருள் சேமிப்புத் தொட்டிகளை நிறுவிய சீலார்ட் கன்டெய்னர்ஸ் நிறுவனத்தையும் மற்றவர்களையும் எதிர்த்து 2014இல் புனேயிலுள்ள பசுமைத் தீர்ப்பாயத்தின் மேற்கு மண்டல அமர்வில் அவர்கள் மனு தாக்கல் செய்தார்கள். அவர்களுடைய புகார் வாசனையில் தொடங்கியது. தொட்டிகளில் சரக்கை ஏற்றும்போதும் இறக்கும்போதும் ஆவியாகும் கரிமச் சேர்மங்கள் வெளியேறும். அவை கண்ணுக்குத் தெரியாது. புகைக்கூண்டிலிருந்து வருவதில்லை என்பதால் புகைக்கூண்டில் வைத்த கருவியிலும் அகப்படாது. காற்றுத் திசை மாறினால் ஒரு மணி நேரத்தில் கலைந்துவிடும். மாநில மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் அதிகாரி மறுநாள் காலையில் வந்து அளந்தால் எல்லாம் வரம்புக்குள் இருக்கும். இரவு இரண்டு மணிக்கு எழுந்து உட்கார்ந்து இருமியவருக்குச் சாட்சி இல்லை.

இந்த இடத்தில்தான் கேஈஎம் ஆய்வின் பெறுமதி. அது காற்றை மட்டும் பார்க்காமல் உடம்பைப் பார்த்தது. டொலுவீன் டைஐசோசயனேட் என்ற பொருளையும் அது கவனத்துக்குக் கொண்டுவந்தது. ஃபோம் மெத்தை தயாரிக்கப் பயன்படும் இந்த வேதிப்பொருள், சிறிய அளவிலேயே ஆஸ்துமாவைத் தூண்டக்கூடியது என்பது தொழிற்கூட மருத்துவத்தில் நன்கு நிறுவப்பட்ட செய்தி. காற்றின் அளவீடு ஒரு நாளுக்கானது. மூச்சுத் திணறலின் கணக்கோ மாதங்களைச் சேர்த்துச் சொல்வது. தீர்ப்பாயம் இரண்டையும் இணைத்துப் படித்தது.

கடலூர் சிப்காட்டில் இதே சிக்கலுக்கு மக்கள் வேறொரு வழி கண்டார்கள். தொழிற்பேட்டையைச் சுற்றியுள்ள ஊர்க்காரர்கள் சிப்காட் பகுதி சமூகச் சுற்றுச்சூழல் கண்காணிப்பாளர்கள் என்ற குழுவாகச் சேர்ந்து, எந்த நாளில், எந்த நேரத்தில், எந்த ஆலைப் பக்கமிருந்து என்ன வாடை வந்தது என்று எழுதிவைத்தார்கள். அழுகிய முட்டை, நெயில் பாலிஷ், முட்டைக்கோஸ், செத்த பிணம் என்று தாங்கள் அறிந்த வாடைகளைக் கொண்டே வகை பிரித்தார்கள். 2004இல் அமெரிக்காவின் லூசியானா மக்கள் பயன்படுத்திய முறையைப் பின்பற்றி, பிளாஸ்டிக் வாளிக்குள் சிறப்புப் பையைப் பொருத்தி, வாடை வீசும் அந்த நிமிடத்திலேயே காற்றைப் பிடித்து ஆய்வகத்துக்கு அனுப்பினார்கள். அதிகாரி வரும்வரை காத்திருக்க வேண்டிய தேவை ஒழிந்தது. மாகுலிலும் கடலூரிலும் போராட்டம் நகர்ந்தது ஊர்வலத்தால் மட்டுமல்ல, பதிவேட்டாலும் என்பதை நம் இயக்க வரலாறுகள் போதிய அளவு சொல்வதில்லை. மேடையில் பேசியவரின் பெயர் நிற்கிறது. நோட்டுப் புத்தகத்தில் தேதி போட்டு எழுதிய பெண்ணின் பெயர் நிற்பதில்லை.

மீனவர் வழக்கு 2020 ஆகஸ்டில் ஒரு கட்டத்தை எட்டியது. நான்கு நிறுவனங்கள் ஏறத்தாழ 286 கோடி ரூபாய் சுற்றுச்சூழல் இழப்பீடு செலுத்த வேண்டும் என்று பசுமைத் தீர்ப்பாயம் ஆணையிட்டது: ஏஜிஸ் 142 கோடி, இந்துஸ்தான் பெட்ரோலியம் 76.5 கோடி, பாரத் பெட்ரோலியம் 67.5 கோடி, சீலார்ட் 20 லட்சம். நிறுவனங்கள் உச்ச நீதிமன்றத்தை நாடின. ஆலை எதிர்த்தரப்பாக இருக்கும் வழக்கின் இயல்பு அது. பணம் இருக்கும் பக்கம் காலமும் இருக்கும்.

ஆனால் இந்தக் கட்டுரை ஆலைகளைப் பற்றியதைவிட மாநகராட்சியைப் பற்றியது. சட்டப்படி காற்று மாசு மாநில மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் பொறுப்பு. 1981ஆம் ஆண்டின் காற்றுச் சட்டத்தைக் காட்டி மாநகராட்சி எப்போதும் விலகிக்கொள்ளலாம், விலகியும் இருக்கிறது. அப்படி விலக முடியாத ஓரிடம் உண்டு: யாரை எங்கே குடியமர்த்துவது என்ற முடிவு. தான்சா குழாய்வழியின் இருபுறமும் பத்து மீட்டர் நிலத்தைக் காலி செய்ய வேண்டும் என்பது குடிநீர்ப் பாதுகாப்புக்காக உயர் நீதிமன்றம் இட்ட ஆணை. இடிக்கச் சொன்னது நீதிமன்றம். மாகுலைத் தேர்ந்தது மாநகராட்சி. அங்கே எழுபத்திரண்டு கட்டடங்களில் பதினேழாயிரத்துக்கும் மேற்பட்ட வீடுகள், திட்டங்களால் இடம்பெயர்ந்தோருக்கென்று கட்டப்பட்டு, பெரும்பாலும் காலியாகக் கிடந்தன. யாரும் போக விரும்பாததால் காலியாக இருந்த வீடுகள், போக்கிடம் இல்லாதவர்களுக்கு வழங்கப்பட்டன. சுத்திகரிப்பு ஆலையின் மதிலுக்கும் அந்தக் கட்டடங்களுக்கும் நடுவே ஒரு சாலை அளவே இடைவெளி. 2018 ஆகஸ்ட் 8 அன்று பாரத் பெட்ரோலியம் ஆலையில் வெடி விபத்து நடந்து நாற்பதுக்கும் மேற்பட்டோர் காயமடைந்தபோது அந்தக் குடியிருப்பும் அதிர்ந்தது.

வித்யாவிஹார், காட்கோபர், குர்லா, பாந்த்ரா எனக் குழாய் ஓரமெங்கும் பல பத்தாண்டுகள் வாழ்ந்தவர்கள் இவர்கள். வீட்டு வேலை, ஆட்டோ, சிறு கடை என்று பிழைப்பு முழுக்கப் பழைய இடத்தைச் சுற்றியே இருந்தது. மாகுலில் ரயில் நிலையம் இல்லை. வந்த சில மாதங்களிலேயே தோல் நோய், இருமல், காசநோய் என்ற புகார்கள் எழுந்தன. 2018 அக்டோபர் இறுதியில் அவர்கள் திரும்பி வந்து, வித்யாவிஹாரில் தங்கள் வீடுகள் இருந்த அதே குழாயின் ஓரம், நடைபாதையில் உட்கார்ந்தார்கள். ‘ஜீவன் பச்சாவ் ஆந்தோலன்’ என்று பெயர் வைத்துக்கொண்டார்கள். ஓராண்டுக்கு மேல் நீண்ட அந்த மறியலில் பெண்களே முன்னின்றார்கள். மேதா பட்கருடன் தொடர்புடைய ‘கர் பச்சாவ் கர் பனாவ்’ இயக்கம் துணை நின்றது.

மாகுலில் நூற்றுக்கும் மேற்பட்டோர் இறந்துவிட்டார்கள் என்று அவர்கள் சொன்னார்கள். இதை எப்படி எடுத்துக்கொள்வது? ஒவ்வொரு மரணத்துக்கும் காற்றே காரணம் என்று நிறுவுவது மருத்துவத்தில் மிகக் கடினம். வறுமை, நெரிசல், முன்பே இருந்த நோய் என்று பல இழைகள் அதில் பின்னியிருக்கும். அரசுத் தரப்பு அந்தக் கடினத்தின் பின்னால் நின்றுகொண்டது. காற்றில் நஞ்சு இருக்கிறது என்று முன்கூட்டியே அறிந்திருந்த அமைப்பு ஒன்று, அங்கே கொண்டுபோய் வைத்தவர்களிடமே ‘உங்கள் சாவுக்குக் காரணத்தை நிரூபியுங்கள்’ என்று கேட்பது நியாயம் ஆகாது என்பது என் உறுதியான எண்ணம். இங்கே நிரூபிக்க வேண்டியவர் குடியமர்த்தியவர்: இந்த இடம் வாழத் தகுந்தது என்று அவர்தான் காட்ட வேண்டும்.

மும்பை உயர் நீதிமன்றமும் கிட்டத்தட்ட அந்த இடத்துக்கே வந்து சேர்ந்தது. பசுமைத் தீர்ப்பாயத்தின் முடிவு அதன் முன் இருந்தது. மும்பை ஐஐடியின் அறிக்கையும் அங்கே மக்கள் வாழ்வது ஆபத்து என்றது. 2019 செப்டம்பர் 23 தீர்ப்பில் நீதிமன்றம், யாரையும் மாகுலுக்குப் போகும்படி கட்டாயப்படுத்தக் கூடாது, மாற்று வீடு தர இயலாவிட்டால் குடும்பத்துக்கு மாதம் 15,000 ரூபாய் வாடகையும் 45,000 ரூபாய் முன்பணமும் தர வேண்டும் என்று ஆணையிட்டது. வாழ்வுரிமை பேசும் அரசியல் சாசனத்தின் 21ஆம் பிரிவு சுத்தமான காற்றையும் உள்ளடக்கும் என்பது ஏற்கெனவே நிலைபெற்ற சட்டம். மறுவாழ்வு வீடும் அதற்கு விலக்கல்ல என்று அது மாகுலில் நீண்டது. நடைமுறையில் கிடைத்தது குறைவு. வேறிடத்தில் வீடு சில நூறு குடும்பங்களுக்கே வாய்த்தது. வாடகைப் பணத்துக்காக வார்டு அலுவலகத்துக்கும் நீதிமன்றத்துக்கும் அலைந்தவர்கள் ஏராளம். வேறு வழியின்றி மாகுலிலேயே இருப்பவர்கள் இன்றும் ஆயிரக்கணக்கில்.

2025இல் மாநகராட்சி ஒரு புதிய முயற்சி செய்தது. மாகுலில் காலியாக இருந்த 9,098 வீடுகளைத் தன் மூன்றாம், நான்காம் நிலை ஊழியர்களுக்கு வீடொன்று 12.60 லட்சம் ரூபாய்க்கு விற்க முன்வந்தது. மும்பையில் அந்த விலைக்குச் சொந்த வீடு கனவிலும் கிடைக்காது. ஆனாலும் காலக்கெடுவை நீட்டிய பிறகும் விண்ணப்பித்தவர்கள் சில நூறு பேரே. எந்த ஆய்வறிக்கையையும்விட இதைப் பெரிய சாட்சியமாகக் கருதுகிறேன். தேர்வு செய்யும் வாய்ப்பு இருந்தவர்கள் தேர்வு செய்துவிட்டார்கள்.

இதே நிலப்பகுதியின் இன்னொரு போராட்டம் தேவ்னார் குப்பைமேடு. மும்பைத் தமிழர் வாயில் அது வெறும் ‘டம்பிங்’. மாநகராட்சிக் கணக்குப்படி 1927 முதல் அங்கே குப்பை கொட்டப்படுகிறது. பரப்பு 120 ஹெக்டேருக்கு மேல். குப்பை அகற்றுவது 1888ஆம் ஆண்டுச் சட்டப்படி மாநகராட்சியின் கட்டாயக் கடமை என்பதால் இங்கே அது பொறுப்பைத் தள்ளிவிட இடமில்லை. மாசு செய்வதும் அதுவே, மாசைத் தடுக்க வேண்டியதும் அதுவே. செம்பூரின் குடியிருப்போர் 1990களிலிருந்து நீதிமன்றப் படி ஏறினார்கள். 2000ஆம் ஆண்டு நகராட்சித் திடக்கழிவு விதிகள், தரம் பிரித்துப் பதப்படுத்தும் ஏற்பாடுகளை 2003 முடிவதற்குள் செய்து முடிக்கச் சொன்னன. நடக்கவில்லை. 2016 ஜனவரி இறுதியில் மேடு பற்றி எரிந்தது. நகரத்தின் மேல் படர்ந்த புகை செயற்கைக்கோள் படங்களில் தெரிந்தது. மாநகராட்சிப் பள்ளிகளை மூட வேண்டியதாயிற்று.

2016 பிப்ரவரி 29 அன்று நீதிபதி அபய் ஓகா தலைமையிலான அமர்வு அதுவரை யாரும் எடுக்காத நடவடிக்கையை எடுத்தது. குப்பையைச் சட்டப்படி கையாள முடியாத நகரம் புதிய கட்டடங்களுக்கு அனுமதி தர முடியாது என்று மார்ச் 1 முதல் புதுக் கட்டுமானங்களுக்குத் தடை விதித்தது. மும்பையில் குப்பை பற்றிக் கவலைப்படாதவர் உண்டு, கட்டுமானம் பற்றிக் கவலைப்படாதவர் இல்லை. அதுவரை கோவண்டி, செம்பூர் மக்களின் தொல்லையாக இருந்தது அன்று கட்டுமான முதலாளிகளின் தொல்லையாகவும் ஆனது. 2018 மார்ச்சில் உச்ச நீதிமன்றம் நிபந்தனைகளுடன் அந்தத் தடையை நிறுத்திவைத்தது.

இங்கே ஒன்றைக் கூசாமல் சொல்ல வேண்டும். புகைக்கு எதிராக வழக்காடிய செம்பூர் குடியிருப்புகளும், குப்பையைப் பொறுக்கி வாழும் கோவண்டிக் குடும்பங்களும் ஒரே புகையைத்தான் சுவாசித்தார்கள். ஆனால் ஒரே மனுவில் இருக்கவில்லை. தீக்குப் பிறகு மதிலும் காவலும் கடுமையானபோது பிழைப்பை இழந்தவர்கள் பொறுக்குபவர்கள். மாநகராட்சியின் 2009 மனித மேம்பாட்டு அறிக்கையில் கோவண்டியை உள்ளடக்கிய எம் கிழக்கு வார்டின் குறியீடு 0.05, இருபத்துநான்கு வார்டுகளில் கடைசி. வழக்கறிஞர் வைக்கும் வசதியும் நீதிமன்றத்துக்குப் போக விடுப்பு எடுக்கும் வசதியும் இருப்பவர்களின் மனுவே முதலில் எழுதப்படுகிறது. மக்கள் குழு என்று ஒருமையில் சொல்லும்போது இந்த வேறுபாடு மறைந்துவிடுகிறது.

இன்னொரு குறையும் உண்டு. வெற்றி பெற்ற மனுக்கள் பல மாசை இன்னொரு ஊருக்கு நகர்த்தியிருக்கின்றன. கோவண்டியில் 2009 முதல் இயங்கிய மருத்துவக் கழிவு எரிப்பு ஆலைக்கு எதிராக கோவண்டி நியூ சங்கம் வெல்ஃபேர் சொசைட்டி உயர் நீதிமன்றம் சென்றது. இரண்டாண்டுகளில் அதை ராய்கட் மாவட்டத்து ஜாம்பிவலிக்கு மாற்ற 2023இல் ஆணை வந்தது. நகர மருத்துவமனைகள் அனைத்தின் கழிவும் ஒரே வார்டில் எரிவதை நிறுத்தச் சொன்னது கோவண்டிக்குப் பெரிய நீதி. ஜாம்பிவலிக்கு அது என்னவாகும் என்பதைக் கேட்கும் குழு அங்கே உருவாக வேண்டும். தேவ்னாரின் சுமையைப் பெற்றுக்கொண்ட காஞ்சூர்மார்க் குப்பைக்கிடங்கிலும் மாசு இப்படித்தான் இடம் மாறியது. வனசக்தி அமைப்பின் வழக்கில் 2025 மே மாதம் உயர் நீதிமன்றம் அந்நிலத்தைப் பாதுகாக்கப்பட்ட காடு என்று அறிவித்தது. ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம் அந்த ஆணையை நிறுத்திவைத்தது. லாரிகள் அங்கேதான் போகின்றன.

நெருக்கும் மக்கள் இருக்கிறார்கள், நெருக்கப்பட வேண்டிய மன்றம் எங்கே என்பதும் கேள்வி. மாநகராட்சியின் பதவிக்காலம் 2022 மார்ச் 7இல் முடிந்தது. அதன்பின் ஆண்டுக்கணக்கில் தேர்தல் இன்றி, மாநில அரசு நியமித்த நிர்வாகியே நகரை ஆண்டார். வார்டுக் குழுக் கூட்டத்தில் எழுந்து கேட்க ஒரு கவுன்சிலர் இல்லாத அந்தக் காலத்தில்தான் தாராவிக்கும் தேவ்னாருக்கும் முடிச்சுப் போடப்பட்டது.

தாராவி மறுசீரமைப்புத் திட்டத்தில் 2000 ஜனவரி 1க்கு முன்பிருந்து தரைத்தளத்தில் குடியிருப்போருக்கு மட்டுமே தாராவிக்குள் இலவச வீடு. பின்னர் வந்தவர்களுக்கும் மாடிகளில் வாழ்பவர்களுக்கும் வெளியே. அந்த ‘வெளியே’ என்பதற்காக ஒதுக்கப்பட்ட நிலங்களில் தேவ்னார் குப்பைமேட்டின் ஏறத்தாழ 124 ஏக்கரும் ஒன்று. திருநெல்வேலிச் சீமையிலிருந்து தோல் பதனிட வந்தவர்களின் பேரப்பிள்ளைகள், மாடி எடுத்துக் கட்டிய ஒரே காரணத்துக்காக அந்தப் பட்டியலில் சேரக்கூடும். மேட்டில் தேங்கிய பழைய குப்பை 1 கோடியே 85 லட்சம் டன் என்று மாநகராட்சியின் ஒப்பந்த ஆவணம் சொல்கிறது. அதைக் கிளறி அகற்ற ஆண்டுகள் ஆகும். 2016ஆம் ஆண்டின் திடக்கழிவு விதிகள், மூடிய குப்பைக்கிடங்கைக் குறைந்தது பதினைந்தாண்டுகள் கண்காணிக்கச் சொன்னன. அதற்குப் பிறகும், வெளியேறும் வாயுவும் கசிவுநீரும் வரம்புக்குள் இருக்கின்றன, மண் உறுதியாக இருக்கிறது என்று உறுதிப்பட்டால்தான் குடியிருப்பு பற்றி யோசிக்கவே முடியும் என்றன அந்த விதிகள்.

தகவல் உரிமைச் சட்டத்தில் பத்து ரூபாய் கட்டி இன்றே கேட்கக்கூடியவை சில உண்டு. தேவ்னாரின் எந்தெந்த இடத்தில் மீத்தேன் அளக்கப்பட்டது, எந்தத் தேதிகளில், எவ்வளவு ஆழத்தில்? கசிவுநீரில் ஈயமும் குரோமியமும் எவ்வளவு? குப்பை எடுக்கப்பட்ட பிறகு அடிமண்ணைச் சோதிப்பவர் யார்? விடைகள் தமிழிலும் மராத்தியிலும் இந்தியிலும் தாராவியில் ஒட்டப்பட வேண்டும் என்று சங்கங்கள் எழுத்தில் கேட்கலாம். எவரையும் எங்கும் அனுப்புவதற்கு முன்னால், வெளியே போகவேண்டியவர் என்று குறிக்கப்பட்ட ஒவ்வொரு குடும்பத்தின் நுரையீரல் திறனும் நோய் வரலாறும் இப்போதே பதிவாக வேண்டும். மாகுலுக்குப் போனவர்களுக்கு அப்படியொரு முன்பதிவு இல்லாததால்தான் பின்னர் அவர்கள் சொன்னது எல்லாம் வெறும் புகாராகக் குறுக்கப்பட்டது. அந்தப் பதிவைச் செய்யும் ஆற்றல் தாராவியின் வாசலிலேயே இருக்கிறது. சயான் மருத்துவமனையும், தாராவிக்குள் மக்கள் ‘சோட்டா சயான்’ என்று அழைக்கும் அதன் நகர்ப்புற நலவாழ்வு மையமும் மாநகராட்சியுடையவைதாம்.